3215031751 பகா எண்ணா? 2, 3, 5, 7 நான்கும் ஆம் என்கின்றன, 151-ஆல் மீதியின்றி வகுபடுகிறது

கேள்வி: கணிநிரல்

வணக்கம். 32 பிட்டுக்குள் அடங்கும் எண்கள் பகா எண்களா என்று பார்க்க, மில்லர்–ராபின் சோதனையைப் பைத்தானில் எழுதியிருக்கிறேன். அடிமானங்கள், அதாவது அடுக்குக்கு உயர்த்தி மீதி பார்க்கும் எண்கள், 2, 3, 5, 7. தலைப்பில் உள்ள எண்ணைக் கொடுத்தால் நான்கிலும் தேறிவிடுகிறது. ஆனால் 3215031751 = 151 × 751 × 28351. பெருக்கிப் பார்த்தாலும் சரியாக வருகிறது.

ஒன்று குறைத்தால் 3215031750. அதில் பாதி 1607515875, ஒற்றைப்படை எண். அந்த அடுக்குக்கு உயர்த்தி 3215031751-ஆல் வகுத்தால் கிடைக்கும் மீதிகள்:

2 → 1
3 → 3215031750
5 → 1
7 → 3215031750

இது நிரலின் பிழையா, எண்ணின் குணமா? எண்ணின் குணம்தான் என்றால் நான்கு அடிமானங்களும் ஒருசேர ஏமாறுவது எப்படி? 2 முதல் 10 வரை எல்லாவற்றையும் போட்டுவிட்டால் சரியாகிவிடுமா, அல்லது 32 பிட் முழுவதற்கும் நம்பி வைக்கக்கூடிய வேறு அடிமானங்கள் உண்டா?

---

பதில்: வகுத்தி

நிரல் சரி. நீங்கள் கொடுத்த நான்கு மீதிகளும் சரி. இந்த எண் இத்துறையில் பெயர் பெற்றது: 2, 3, 5, 7 ஆகிய நான்கு அடிமானங்களையும் ஏமாற்றும் பகு எண்களில் மிகச் சிறியது இதுதான். பொமரன்ஸ், செல்ஃப்ரிட்ஜ், வாக்ஸ்டாஃப் மூவரும் 1980-இல் 25 × 10^9 வரை தேடி வெளியிட்ட பட்டியலில், 2, 3, 5 மூன்றையும் ஏமாற்றுபவை 13 எண்கள்தான். அவற்றில் 7-ஐயும் தாண்டியது இது ஒன்றே.

ஆகவே 3215031751-க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் உங்கள் நான்கு அடிமானங்களே முழு நிரூபணம். ‘அனேகமாகப் பகா எண்’ என்று இழுக்க வேண்டியதில்லை.

32 பிட் முழுவதற்கும் 2, 7, 61 மூன்று போதும். இம்மூன்றையும் ஏமாற்றும் முதல் எண் 4759123141, அது 2^32-ஐத் தாண்டிவிட்டது. இது 1993-இல் யேஷ்கே தந்த முடிவு. உங்கள் பட்டியலையே நீட்ட விரும்பினால் 11-ஐச் சேருங்கள், எல்லை 2152302898747 வரை போய்விடும். 64 பிட் முழுவதற்கும் வேண்டுமென்றால் 2 முதல் 37 வரையான 12 பகா எண்களையும் அடிமானமாக வையுங்கள்.

---

பதில்: மீதித்தேற்றம்

வகுத்தி சொன்னதில் மாற்றமில்லை. ‘ஏன்’ என்ற கேள்விக்கு மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த எண்ணில் அந்தக் காரணத்தை ஒளிவுமறைவின்றிக் காகிதத்திலேயே போட்டுப் பார்த்துவிடலாம். அவ்வளவு அழகான எண் இது.

முதலில் ஒன்று குறைத்த எண்ணைப் பிரியுங்கள்:

3215031750 = 2 × 3^4 × 5^3 × 7 × 37 × 613

இதில் 2 ஒரே ஒரு முறைதான் வருகிறது. அதனால் மில்லர்–ராபினில் வழக்கமாக வரும் ‘வர்க்கம் எடுத்துக்கொண்டே போ’ என்ற பகுதிக்கு இங்கே வேலையே இல்லை. அடிமானத்தை 1607515875 என்ற அடுக்குக்கு உயர்த்தி, மீதி 1 அல்லது −1 என்றால் தேறியது. (−1 என்று சொல்வதும் 3215031750 என்று சொல்வதும் ஒன்றுதான்.)

அடுத்து மூன்று காரணிகளிலிருந்தும் ஒன்று குறையுங்கள்: 150, 750, 28350. மூன்றுமே 3215031750-ஐ மீதியின்றி வகுக்கின்றன. ஈவுகள் முறையே 21433545, 4286709, 113405. 1899-இல் கோர்செல்ட் தந்த நிபந்தனை இதுவே, அதாவது இது ஒரு கார்மைக்கேல் எண். வெறும் ஃபெர்மா சோதனை (ஒன்று குறைத்த எண்ணையே அடுக்காகப் போட்டு, மீதி 1 வருகிறதா என்று மட்டும் பார்ப்பது) வைத்திருந்தால் 151, 751, 28351 ஆகியவற்றால் வகுபடாத எந்த அடிமானத்தைப் போட்டாலும் தேறியிருக்கும். 11, 13, 61 எதுவும் உதவியிருக்காது.

இனி முக்கியமான இடம். அந்த ஈவுகள் மூன்றும் ஒற்றைப்படை. ஆகவே நம் அடுக்கு 1607515875 என்பது 75, 375, 14175 ஆகியவற்றின் ஒற்றைப்படை மடங்கு. ப என்ற பகா எண்ணுக்கு, அ என்ற அடிமானத்தை (ப−1)/2 அடுக்குக்கு உயர்த்தினால் மீதி +1 அல்லது −1 என்பது ஆய்லரின் விதி. அ-வை ஏதாவது ஒரு வர்க்கத்தின் மீதியாக எழுத முடிந்தால், அதாவது அ ஓர் இருபடி எச்சமானால், +1. முடியாவிட்டால் −1. ஒற்றைப்படை மடங்கு என்பதால் குறி மாறாமல் அப்படியே வந்து சேர்கிறது.

ஆக, ஒவ்வோர் அடிமானத்துக்கும் இந்த எண் மூன்று குறிகளைத்தான் பார்க்கிறது: 151-இல் ஒன்று, 751-இல் ஒன்று, 28351-இல் ஒன்று. மூன்றும் ஒரே குறியானால் அடிமானம் ஏமாறும். ஒன்று மாறினாலும் எண் பிடிபடும்.

151-இல் மட்டும் கையால் போட்டுக் காட்டுகிறேன். 2^15 = 32768 = 151 × 217 + 1, ஆகவே மீதி 1. 75 என்பது 15-இன் மடங்கு, எனவே 2-க்கு +. அடுத்து 3: 3^5 = 243, மீதி 92. 92 × 92 = 8464 = 151 × 56 + 8, ஆகவே 3^10-க்கு மீதி 8, 3^20-க்கு 64. 64 × 92 = 5888 = 151 × 39 − 1. அதாவது 3^25-க்கு மீதி −1. 75 அதன் மூன்று மடங்கு, எனவே 3-க்கு −.

மற்ற இரண்டு காரணிகளுக்கு இவ்வளவு பாடுபட வேண்டாம். இருபடித் தலைகீழ் விதிப்படி, 2-இன் குறி அந்தப் பகா எண்ணை 8-ஆல் வகுத்த மீதியைப் பொறுத்தது. 3-இன் குறிக்கு 12-ஆல் வகுத்த மீதி, 5-இன் குறிக்கு 5-ஆல் வகுத்த மீதி. இம்மூன்றையும் சேர்த்தால் 120-ஆல் வகுத்த மீதி தெரிந்தாலே போதும்.

151 = 120 × 1 + 31
751 = 120 × 6 + 31
28351 = 120 × 236 + 31

மூன்றுக்கும் 31! ஆகவே 2, 3, 5 மூன்றுக்கும் குறிகள் ஒத்துப்போவதைத் தவிர வேறு வழியே இல்லை. இது தற்செயலும் அல்ல. காரணிகள் 150 × 1 + 1, 150 × 5 + 1, 150 × 189 + 1 என்ற அமைப்பில் இருக்கின்றன. 1, 5, 189 மூன்றையும் 4-ஆல் வகுத்தால் மீதி 1. அதனால் காரணிகளை 600-ஆல் வகுத்தால்கூட மீதி ஒரே 151-தான். எந்த அமைப்பு இதைக் கார்மைக்கேல் எண்ணாக ஆக்குகிறதோ, அதே அமைப்புதான் சிறிய அடிமானங்களையும் சேர்த்து முடக்குகிறது.

7 வேறு மாதிரி. 7-ஆல் வகுத்தால் காரணிகளின் மீதிகள் 4, 2, 1 என்று மூன்றும் வேறு வேறு. ஆனால் 7-க்கான இருபடி எச்சங்கள் சரியாக 1, 2, 4 தான். ஆகவே 7-க்கும் மூன்று குறிகளும் ஒன்றாகி, மூன்றும் − ஆகின்றன. அதிர்ஷ்டம் என்று ஏதாவது இந்த எண்ணில் இருந்தால் அது இந்த ஓரிடத்தில்தான்.

11-இல் ஓட்டம் நின்றுவிடுகிறது. மீதிகள் 8, 3, 4. 11-க்கான இருபடி எச்சங்கள் 1, 3, 4, 5, 9. அதில் 8 இல்லை. 11-உம் நம் காரணிகளும் 4-ஆல் வகுத்தால் 3 மீதி தருபவை என்பதால் குறியைத் திருப்பிப் போட வேண்டும்: 151-இல் +, 751-இல் −, 28351-இல் −. பிடிபட்டது.

எத்தனை அடிமானங்கள் ஏமாறும் என்பதும் இதிலிருந்தே வந்துவிடும். மூன்று குறிகளுக்கு 8 அமைப்புகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் சம எண்ணிக்கையில் அடிமானங்கள். அதில் இரண்டு அமைப்புகள்தான் ஏமாறுபவை. 150 × 750 × 28350 = 3189375000. அதில் கால்வாசி 797343750. ஒரு பகு எண் அதிகபட்சம் எத்தனை அடிமானங்களை ஏமாற்றலாம் என்று ராபின், மோனியே ஆகியோர் போட்ட உச்சவரம்பும் இதே கால்வாசிதான். இந்த எண் அந்த வரம்பைத் துல்லியமாகத் தொடுகிறது. அடிமானங்களைக் குருட்டுவாக்கில் 10 தேர்ந்தெடுத்தால் இந்த எண் தப்பிக்க ஏறத்தாழ 1048576-இல் ஒரு வாய்ப்பு. பெரும்பாலான பகு எண்களுக்கு அந்த வாய்ப்பு இதைவிட மிகமிகக் குறைவு.

---

பதில்: ஓவர்ஃப்ளோ64

பைத்தானில் எழுதியதால் தப்பித்தீர்கள். இதே நிரலை சி அல்லது சி++-க்கு மாற்றுபவர்கள் இந்த எண்ணில் இரண்டு இடங்களில் விழுவார்கள்.

ஒன்று, சேமிப்பு. 3215031751 என்பது 2147483647-ஐவிடப் பெரியது, 4294967296-ஐவிடச் சிறியது. சாதாரண 32 பிட் முழு எண் வகையில் (இன்ட்) வைத்தால் −1079935545 ஆகிவிடும். எதிர்ம எண்ணை ‘1-க்குக் கீழ், ஆகவே பகா எண் இல்லை’ என்று நிரல் முதல் வரியிலேயே தள்ளிவிடும். விடை என்னவோ சரிதான், சோதனை நடக்கவே இல்லை.

இரண்டு, பெருக்கல். இதுதான் கண்ணுக்குத் தெரியாதது. குறியுள்ள 64 பிட்டில் இரண்டு மீதிகளைப் பெருக்கும்போது, இரண்டும் 3037000499 வரை இருந்தால் பாதுகாப்பு. நம் எண் அந்த எல்லையைக் கொஞ்சம்தான் தாண்டுகிறது. மிகப் பெரிய மீதியின் வர்க்கம் ஏறத்தாழ 1.03 × 10^19. குறியுள்ள 64 பிட்டின் உச்சம் 9223372036854775807, அதாவது 9.2 × 10^18. குறியற்ற 64 பிட் 18446744073709551615 வரை தாங்கும், ஆகவே அதில் சிக்கல் இல்லை. மீதிகள் பரவலாக விழுகின்றன என்று வைத்துக்கொண்டால், தோராயமாக 18 வர்க்கங்களில் ஒன்று எல்லை மீறும். 1607515875 அடுக்குக்கு 30 முறை வர்க்கம் எடுக்க வேண்டும். பெரும்பாலும் எங்காவது ஓரிடத்தில் உடைந்துவிடும்.

உடைந்தால் மீதி கண்டபடி வரும், நிரல் ‘பகு எண்’ என்று சொல்லும். பார்ப்பவர் சரியான விடை என்று நினைத்துக்கொள்வார்! ஆகவே இந்த எண்ணை வைத்துச் சோதிக்கும்போது இறுதி விடையைப் பார்க்காதீர்கள், மீதியைப் பாருங்கள். 2-க்கும் 5-க்கும் 1, 3-க்கும் 7-க்கும் 3215031750 வந்தே தீர வேண்டும். 2, 3, 5, 7 மட்டும் வைத்திருக்கும் நிரல் இதைப் பகு எண் என்று பிடித்துவிட்டால், அந்த நிரலின் பெருக்கல் கெட்டிருக்கிறது என்று பொருள்.

ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் வகையில் நிலைமை இன்னும் மோசம். 2^53 வரைதான் முழு எண்கள் துல்லியம் என்பதால், மீதி 94906265-ஐத் தாண்டினாலே வர்க்கத்தின் கடைசி இலக்கங்கள் நம்பத்தக்கவை அல்ல. அங்கே பிக்இன்ட் (பெரிய முழு எண்களையும் துல்லியமாக வைக்கும் வகை) கட்டாயம்.

---

கணிநிரல்

மூவருக்கும் நன்றி. 120-ஆல் வகுத்தால் மூன்றுக்கும் 31 என்பது எல்லாவற்றையும் விளக்கிவிட்டது. 11-ஐச் சேர்த்ததும் மீதி 2129160099 வருகிறது. 13-க்கு 2157624503. இவை வெறும் ‘தோற்றது’ என்ற தகவல்தானா? இல்லை, இந்த எண்களுக்குள் வேறு ஏதாவது இருக்கிறதா?

---

பதில்: மீதித்தேற்றம்

காரணிகளே அதற்குள் இருக்கின்றன.

11-இன் குறிகள் +, −, − என்று பார்த்தோம். அதாவது 2129160099-ஐ 151-ஆல் வகுத்தால் மீதி 1. மற்ற இரண்டாலும் வகுத்தால் மீதி −1. ஆகவே ஒன்று குறைத்து மீப்பெரு பொது வகுத்தி (மீ.பொ.வ.) எடுங்கள்: 2129160098-க்கும் 3215031751-க்கும் மீ.பொ.வ. 151. ஒன்று கூட்டினால் 2129160100 = 21291601 × 100, இங்கே மீ.பொ.வ. 21291601. அதுதான் 751 × 28351.

13-இன் குறிகள் −, +, −. ஆகவே 2157624502-உடன் மீ.பொ.வ. எடுத்தால் 751 கிடைக்கும். 21291601-ஐ 751-ஆல் வகுத்தால் 28351. இரண்டு அடிமானங்களில் எண் முழுவதுமாகப் பிரிந்துவிட்டது, எங்கும் தேடி வகுக்கவே இல்லை.

ஆனால் இதை எல்லாப் பகு எண்களுக்கும் எதிர்பார்க்காதீர்கள். மீதியின் வர்க்கம் 1 ஆக வேண்டும், மீதி மட்டும் 1-ஆகவோ −1-ஆகவோ இருக்கக் கூடாது. அப்போதுதான் இந்த வழி பிடிகொடுக்கும். கார்மைக்கேல் எண்களில் ஃபெர்மா சோதனை எப்போதும் தேறுவதால், மில்லர்–ராபினில் தோற்கும் ஒவ்வோர் அடிமானமும் (காரணிகளால் வகுபடாத வரை) ஒரு காரணியைக் கொடுத்தே ஆக வேண்டும். சாதாரணப் பகு எண் பெரும்பாலும் ஃபெர்மாவிலேயே தோற்கும். அங்கே ‘பகு எண்’ என்ற செய்தி மட்டும்தான் மிஞ்சும், காரணி கிடைக்காது.

கையால் சரிபார்க்க ஒரு குறுக்குவழி: 150, 750, 28350 மூன்றின் மீச்சிறு பொது மடங்கு 141750. அதில் பாதி 70875. இதுவும் 75, 375, 14175 மூன்றின் ஒற்றைப்படை மடங்குதான். ஆகவே 1607515875-க்குப் பதில் 70875 என்ற அடுக்கைப் போட்டாலும் இதே மீதிகள்தான் வரும், 30-க்குப் பதில் 16 வர்க்கங்களில்.

---

பதில்: வகுத்தி

முதல் பதிவில் 2 முதல் 10 வரை என்று கேட்டிருந்தீர்கள், அது விடுபட்டுப்போனது. பயனில்லை. பெருக்கலின் குறி, குறிகளின் பெருக்கல். 2, 3, 5, 7 தேறினால் இந்த எண்ணில் 4, 6, 8, 9, 10 எல்லாம் தானாகத் தேறிவிடும். 210 போட்டாலும் அதே கதிதான். (ஒன்று குறைத்த எண் 4-ஆல் வகுபடும்போது இந்த விதி அப்படியே பொருந்தாது. அங்கே தேறிய இரண்டு அடிமானங்களின் பெருக்கல் தேறாமல் போகலாம்.)

இதன் மறுபக்கமும் உண்டு. 61-இன் குறிகள் −, +, +. 11-க்கு நேரெதிர். ஆகவே தனித்தனியே எண்ணைப் பிடிக்கும் 11-ஐயும் 61-ஐயும் பெருக்கி 671 என்ற அடிமானத்தைப் போட்டால் குறிகள் −, −, −. ஏமாந்துவிடும்.

2, 7, 61-க்கு மாறினால் கவனிக்க வேண்டியது: சோதிக்கும் எண் அடிமானத்தைவிடச் சிறியதாக இருக்கலாம். அடிமானத்தை முதலில் அந்த எண்ணால் வகுத்து மீதி எடுங்கள். மீதி 0 என்றால் அந்த அடிமானத்தை விட்டுவிடுங்கள். இதைச் செய்யாத நிரல்கள் 7-ஐயும் 61-ஐயும் பகு எண் என்று சொல்லும். இரட்டைப்படை எண்களை, 2 உட்பட, முன்னாலேயே தனியாகக் கவனித்துவிடுங்கள்.

‘முதலில் சிறிய பகா எண்களால் வகுத்துப் பார்க்கிறேன், அதுவே பிடித்துவிடும்’ என்பதையும் நம்ப வேண்டாம். 151 என்பது 36-ஆவது பகா எண். 100-க்குக் கீழுள்ள பட்டியலை வைத்திருந்தால் இது வழுக்கிக்கொண்டு போய்விடும்.

சோதனைக்கு இந்த எண்களை நிரலோடு வைத்துக்கொள்ளுங்கள்:

2047 = 23 × 89. அடிமானம் 2 ஏமாறும்.
1373653 = 829 × 1657. 2, 3 ஏமாறும்.
25326001 = 2251 × 11251. 2, 3, 5 ஏமாறும்.
3215031751. 2, 3, 5, 7 ஏமாறும், 11 பிடிக்கும்.
4759123141 = 48781 × 97561. 2, 7, 61 ஏமாறும்.

கடைசி எண்ணை 32 பிட்டில் வாங்கினால் 464155845 ஆகச் சுருங்கும். அது 5-இல் முடிவதால் நிரல் ‘பகு எண்’ என்று சொல்லி, சரியாக வேலை செய்வதுபோல் தெரியும். இதன் மீதிகளைப் பெருக்கக் குறியற்ற 64 பிட்டும் போதாது, 128 பிட் பெருக்கல் வேண்டும்.